நாற்பத்தெட்டு இலக்கங்கள்

கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் கணினிப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது, கோப்புகளைப் பாதுகாப்பதென்றால் பிறர் அவற்றைப் படிக்கவிடாமல் தடுப்பதுதான் என்று நினைத்திருந்தேன். வாடிக்கையாளர்களின் வரி விவரங்கள் எங்கள் மடிக்கணினிகளில் இருந்தன. விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் இருந்தால், திருடியவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திக் கோப்புகளை வாசித்துவிடலாம். ஆகவே எல்லா மடிக்கணினிகளிலும், விண்டோஸில் உள்ள பிட்லொக்கர் என்ற பூட்டும் கருவி மூலம், சாவியின்றி வாசிக்க முடியாதபடி வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்தேன். வன்தட்டு தானாகத் திறக்காதபோது தட்டவேண்டிய இலக்கத் தொடரான மீட்புச் சாவியைப் பத்திரப்படுத்தும்படி ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எங்கே வைத்தார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை.

நவம்பர் 30ஆம் திகதிக்குள் வருமான வரி விவரத்திரட்டுகளைச் சமர்ப்பிக்க வேண்டிய நெருக்கடியில், மூத்த கணக்காளர் ஒருவரின் மடிக்கணினியில் மதர்போர்ட் பழுதாகி, புதியது பொருத்தப்பட்டது. திறந்ததும் நீலத்திரை தோன்றி, மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை, ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளில் கேட்டது. வன்தட்டைத் தானாகத் திறந்துவந்த சாவி, கழற்றிய மதர்போர்டிலிருந்த சில்லோடு போய்விட்டிருந்தது.

“பென்டிரைவில இருந்ததை டெஸ்க்டொப்பில போட்டிட்டு, பென்டிரைவை மகளிட்டக் குடுத்திட்டன் தம்பி” என்றார். மீட்புச் சாவி, பூட்டிய வன்தட்டுக்குள்ளேயே இருந்தது. பழுதில்லாத அந்த வன்தட்டில் ஆறு வார வேலை ஓரெழுத்தும் குறையாமல் கிடந்தும் எங்களால் தொட முடியவில்லை. பற்றுச்சீட்டுப் பெட்டிகளைப் பிரித்து, மை மங்கிய துண்டுகளை விளக்கடியில் பிடித்து, எட்டு நாட்கள் மறுபடி பதிந்தோம். அந்தக் கோப்புகளுக்கு வேறு பிரதி இல்லாமற்போனது என் பிழை. இன்றும் அது உறுத்துகிறது.

அதன்பின் சாவிகளை அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்தோம். பிரதிக்கு இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்கினோம்; வெள்ளி மாலை ஒன்றை இணைத்துப் பிரதி எடுத்து, உடனே கழற்றிவிடுவேன், மற்றையது அலுவலகத்துக்கு வெளியே இருக்கும். எப்போதும் செருகியிருக்கும் வன்தட்டைப் பிரதியென்று நம்பக்கூடாது, ஏனெனில் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் சேவைக்கு நேர்ந்தது இதுதான்: இணைப்பிலிருந்த பிரதிகளும் பூட்டப்பட்டதால், மே நடுப்பகுதியிலிருந்து வந்த கடிதங்கள் மீளவில்லை.

பழைய வன்தட்டுகளை விற்பதற்கு முன் விரைவு ஃபோர்மட் செய்வது போதாது. அது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் அழிக்கிறது, தரவு அப்படியே கிடக்கும். குறியாக்கம் செய்த வன்தட்டாயின் சாவியை அழித்தாலே போதும். எங்களை வருத்திய அதே பூட்டு இங்கே உதவுகிறது.

காலாண்டுக்கு ஒருமுறை ஓர் உறையைப் பிரித்து, சாவி வேலை செய்கிறதா என்று சோதிப்போம். முதல் சோதனைக்கு அந்தக் கணக்காளரே வந்து அமர்ந்தார். அடிமட்டத்தை வரியின் கீழ் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக உரக்க வாசித்தபடி, 48 இலக்கங்களையும் தம் கையாலேயே தட்டினார்.