எட்டு சாப்ட்வேரை நான்காகக் குறைத்தோம்: ஒரு பனியன் கம்பெனி அனுபவம்

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. சம்பளக் கவர் வாங்கத் தையல் பிரிவிலிருந்து கேட் வரை வரிசை நிற்கிறது. முதல் கவரைப் பிரித்த ஓவர்லாக் டெய்லர் அக்கா, சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "தம்பி, இந்த வாரம் மூணு நாள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருக்கேன். இதுல ஆறுதான் போட்டிருக்கு." அவர் சொன்னது சரி. ஏழரை ஷிப்ட் வந்திருக்க வேண்டும். அடுத்தவர் சீட்டிலும் அதே கதை. அன்று 140 பேருக்கும் கையால் கணக்குப் போட்டுக் கடைசிக் கவரைக் கொடுத்தபோது மணி பத்தரை. ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸைச் சிலர் விட்டுவிட்டார்கள். அது முழுக்க என் தவறு. இப்போது நினைத்தாலும் மனது கஷ்டமாக இருக்கிறது.

திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் யூனிட்டில் அலுவலகப் பொறுப்பு பார்க்கிறேன். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று சாப்ட்வேர் ஓடுவதைக் குறைக்கும் பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு என் அடி படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் ஆடிட்டர். எங்களுடையது பிரைவேட் லிமிடெட். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் கணக்கு எழுதும் சாப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற எடிட் லாக் இருந்தே ஆக வேண்டும். எங்கள் பழைய பில்லிங் சாப்ட்வேரில் ஒரு பில்லைத் திருத்தினால் சுவடே தெரியாது. அதை நிறுத்தச் சொன்னார். அந்தப் பேச்சில் முதலாளி, "மொத்தம் எத்தனைக்குப் பணம் கட்டிட்டிருக்கோம்?" என்று கேட்டார். எண்ணினால் எட்டு. கணக்கு எழுதும் டாலி, பழைய பில்லிங், ஸ்டோர் புரோகிராம், இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிப் பாதி மட்டும் ஓடும் இஆர்பி (கம்பெனியின் எல்லா வேலைக்கும் ஒரே சாப்ட்வேர்), சம்பளம், கைரேகை வருகைப்பதிவு, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கான ஆன்லைன் சந்தா, சரக்கு அனுப்பும்போது தேவைப்படும் இ-வே பில் போடத் தனியாக ஒரு டூல்.

குறைக்க வேண்டியதில் சந்தேகமே இல்லை. டையிங்குக்கு, அதாவது சாயம் ஏற்றும் இடத்துக்கு, துணி போனால் அந்த எடையை ஸ்டோரில் ஒரு தடவை, இஆர்பியில் ஒரு தடவை, இ-வே பில் டூலில் ஒரு தடவை அடிக்க வேண்டும். ஒரு சலானில் 342.500 கிலோ, ஒரு இடத்தில் மட்டும் 324.500 என்று பதிவாகிவிட்டது. அந்தப் பதினெட்டு கிலோவுக்காக டையிங்காரரோடு மூன்று வாரம் மனஸ்தாபம். துணி குறையவே இல்லை, எங்கள் விரல்தான் தவறியிருந்தது.

நான் செய்த முதல் தவறு, ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பில்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பட்டியல் போட்டது. இஆர்பியில் ஸ்டோர் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஆகவே தனி புரோகிராம்கள் வேண்டாம் என்று டிக் அடித்துவிட்டேன். விற்றவரும், "எல்லாம் இதுலயே இருக்குங்க" என்றார். 'இருக்கிறதா' என்றுதான் நானும் கேட்டேன். 'எங்கள் முறைக்குப் பொருந்துமா' என்று கேட்கவே இல்லை. அந்தச் சம்பளப் பகுதிக்குத் தெரிந்தது வந்தார், வரவில்லை, அரை நாள் வந்தார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கூலி ஷிப்ட் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. ஒன்றரையை அது ஒன்று என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை அப்படித்தான் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஸ்டோரில் அடி. பழைய ஸ்டோர் புரோகிராமிலிருந்து இருப்பை இஆர்பிக்கு மாற்றியபோது 'குறிப்பு' என்ற நெடுவரிசையை விட்டுவிட்டேன். பார்க்கும்போது பாதி வரிசை காலியாக இருந்தது, முக்கியமில்லை என்று நினைத்தேன். ஸ்டோர் அண்ணன் ஒன்பது வருடமாக டையிங் லாட் நம்பரையும் (ஒரே தடவையில் சாயம் ஏறிய துணிக்கான எண்) ஷேடையும் அதில்தான் எழுதி வந்திருக்கிறார். ஒரே கலர் என்றாலும் லாட்டுக்கு லாட் ஷேட் லேசாக மாறும். உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டினால் பையர் அந்தப் பீஸைத் தொடமாட்டார். கட்டிங் மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "எந்த ரோல் எந்த லாட்டுன்னு தெரியாம நான் வெட்டமாட்டேனுங்க." அரை நாள் கட்டிங் நின்றது. அவர் நிறுத்தியதால்தான் பெரிய நஷ்டத்திலிருந்து தப்பித்தோம், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். துணி வரவு போடும்போது லாட்டையும் ஷேடையும் நிரப்பாமல் சேமிக்கவே முடியாதபடி இஆர்பியில் பின்னர் மாற்றிக்கொண்டோம்.

அதன்பின் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டு, நோட்டோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு முழு நாள் உட்கார்ந்தேன். உங்களுக்கு எந்த சாப்ட்வேர் வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் பழையதைத்தான் சொல்வார்கள். நான் கேட்டது, "இந்தத் திரையில எதைப் பார்த்து யாருக்கு என்ன சொல்றீங்க?" பதில்களில் நிறைய விஷயம் இருந்தது. கைரேகை சாப்ட்வேரைச் சம்பளத்தோடு சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ராத்திரி வேலை முடிந்து வேனில் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பெண்களின் பட்டியலை வாட்ச்மேன் அந்தத் திரையைப் பார்த்துத்தான் எழுதுகிறார். அதில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் என்னவாகும்? அதைத் தொடவில்லை. மெர்ச்சண்டைசர் சந்தாவில் ஒரே ஒரு ஷெட்யூல் சார்ட்டைத்தான் பயன்படுத்தினார்கள். அதை இஆர்பியில் செய்து கொடுத்தோம், சந்தா போனது. இ-வே பில் டூலும் சிரமமில்லாமல் போனது: இஆர்பியிலிருந்து ஜேசன் கோப்பு எடுத்து அரசு தளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது.

பழைய பில்லிங்தான் உயிரை வாங்கியது. சும்மா நிறுத்திவிட முடியாது. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கும் வருடாந்தர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் உண்டு. டேட்டாவை வெளியே எடுக்கக் கேட்டால், "ஏ.எம்.சி. முடிஞ்சிருச்சு, ஆபீஸுக்கு வாங்க" என்றார்கள். கோயம்புத்தூர் போனேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, அந்த சாப்ட்வேருக்குச் சாவி போன்ற யுஎஸ்பி டாங்கிளைக் கொண்டு வந்தால்தான் பாஸ்வேர்டை மாற்ற முடியும் என்றார்கள். போனில் அதைச் சொல்லியிருக்கலாம். இரண்டாம் தடவை டாங்கிளோடு போனால் இன்ஜினியர் லீவு. மூன்றாம் தடவை கட்டணம் கட்டிய பிறகு ஒரு எக்செல் கோப்பு கையில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் தேதிகள் சரியில்லை. ஏப்ரல் 5 மே 4 ஆகியிருந்தது. ஒவ்வொரு மாதத்திலும் 12 தேதி வரையிலான பில்களில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன, 13 முதல் சரியாக இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மாதவாரி மொத்தத்தைத் தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிட்டதால் பிடிபட்டது. தயவுசெய்து இதைச் செய்யாமல் பழைய சாப்ட்வேருக்கு 'வேண்டாம்' என்று கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ஏ.எம்.சி. முடிவதற்குள் டேட்டாவை வாங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு நம் பேச்சுக்கு மதிப்பில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். கடைசியில் நாங்கள் எடுத்து எறிந்தது பழைய சம்பள புரோகிராமை அல்ல, இஆர்பியின் சம்பளப் பகுதியை. பழையதை எழுதியவர் உள்ளூர்க்காரர். ஒன்றரை ஷிப்ட், வாரச் சம்பளம், அட்வான்ஸ் பிடித்தம் எல்லாம் அதற்குத் தெரியும். சீட்டும் தமிழில் வரும், டெய்லர்கள் தாங்களே படித்துச் சரிபார்க்கலாம். அதில் இருந்த ஒரே குறை, பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி வரும். அவரிடமே கேட்டோம், இரண்டு வாரத்தில் யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். புதியது இருக்கும்போது பழையதை வைத்திருப்பதா என்று முதலாளி தயங்கினார். அந்தச் சனிக்கிழமையின் ஒரு சீட்டையும் பழைய சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்.

இப்போது டாலி, இஆர்பி, சம்பளம், கைரேகை ஆகிய நான்குதான். சலான் எடையை ஒரே ஒரு தடவை, துணியை நிறுக்கும் இடத்திலேயே ஸ்டோர் அண்ணன் அடிக்கிறார். வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் கணக்குக்கான ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்துக்கு முன்பு நான்கு நாள் ஆகும், இந்த முறை ஒரு மதியத்தில் முடிந்தது. அப்படித் தயார் செய்யும்போது ஒரு டையிங்கில் 86 கிலோ காலர் ரிப் துணி பத்து மாதமாகக் கிடப்பது தெரிந்தது. ஓர் ஆண்டுக்குள் திரும்பி வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகி வரி கட்ட வேண்டியிருக்கும். மறுநாளே வண்டி அனுப்பி எடுத்து வந்துவிட்டோம். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

ஸ்டோர் அண்ணன் லாட் நம்பரை இன்னமும் ஒரு நோட்டிலும் எழுதி வருகிறார். அதையும் நிறுத்திவிடலாமா என்று முதலாளி கேட்டார். இந்த சீசன் ஷிப்மென்ட் முடியும் வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.