உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்த கீசர்?

மார்கழியிலும் சென்னை காலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. மொட்டைமாடி டேங்கில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரி இருக்கும். குளிக்க இதமான சூடு 40. இடையிலுள்ள 15 டிகிரியை ஏற்ற எந்த கீசராலும் முடியும். அதனால் கடைக்காரர் வாட்டையும் லிட்டரையும் பற்றிப் பேசத் தொடங்கும் முன், உங்கள் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தண்ணீரைச் சூடாக்கும் காயில் எரிவதற்கும் டேங்க் ஒழுகுவதற்கும் பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான் காரணம்.

உப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் கீசருக்குள் அது இரண்டு வேலை செய்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடின நீர் சூடானதும் காயில் மேல் வெள்ளைப் பாறையாகப் படியும். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். கடலோரப் போர்வெல்களில் வரும் குளோரைடு வேறு வகை. அது படியாது, உலோகத்தை அரிக்கும். முதலில் துளை விழுவது டேங்கின் வெல்டிங் ஓரத்தில்தான்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சோப்பு நுரைக்கவில்லை, வாளி ஓரத்தில் வெள்ளை வளையம் நிற்கிறது என்றால் கடின நீர். நுரைத்தாலும் வாயில் கரிக்கிறது என்றால் குளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் லிட்டருக்கு டி.டி.எஸ். 500, கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1000-ஐத் தாண்டினால் கீழே சொல்வதை எதையும் தவிர்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தரும் வழி, கீசருக்குள் போர் தண்ணீரை விடாமல் இருப்பது. காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. மெட்ரோ வாட்டர் என்கிற வாரியக் குடிநீருக்கு நீர் தரத்தான் அதைக் கட்டினார்கள். பல வீடுகளில் மெட்ரோவின் நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் கலந்துவிடுகிறார்கள். மாடியில் 200 லிட்டர் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்து, மெட்ரோ தண்ணீரை அதில் ஏற்றி, கீசருக்குள் தண்ணீர் நுழையும் இன்லெட்டுக்கு மட்டும் இணையுங்கள். ஒரு குளியலுக்கு கீசர் வழியாகப் போவது 8 லிட்டருக்குள்தான்; விளாவப் போர் தண்ணீர் போதும். மிக்ஸர் குழாய் இருந்தால் இரண்டு டேங்கும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இரண்டு பைப்பிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் மற்றதற்குள் ஏறும்.

போர் தண்ணீர்தான் வழி என்றால் டேங்கைப் பார்த்து வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். குளோரைடு நிறைந்த வெந்நீரில் 304 ரகம் வெல்டிங் அருகே துளைவிடும். இந்தப் பகுதிக்குக் கண்ணாடிப் பூச்சு போட்ட கிளாஸ்-லைன்டு டேங்கே எங்கள் தேர்வு. அதற்குள் மெக்னீசியம் ஆனோடு ராட் ஒன்று தொங்கும். டேங்க் அரிக்கப்படாமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் அது வேகமாகக் கரைகிறது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். நடுக்கம்பி தெரிந்தால் புது ராட் மாட்டுங்கள். ராட் முடிந்துபோன கிளாஸ்-லைன்டு டேங்கில், பூச்சு விரிசல் விட்ட சின்ன இடத்திலும் அரிப்பு தொடங்கிவிடும். காயில், அரிப்பைத் தாங்கும் இன்கோலாய் என்ற நிக்கல் கலப்பு உலோக உறை போட்டதாக இருக்கட்டும். வெளி உடம்பு பிளாஸ்டிக் ஆனால் நல்லது. காசிமேடு, எண்ணூர் உப்புக்காற்றில் தகர உடம்பு ஓரத்திலிருந்து உரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 2082 எண்ணையும் பாருங்கள்.

அளவு எளிது. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சூடான தண்ணீரை விளாவினால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், அதாவது இரண்டு வாளி. 2 கிலோவாட் காயிலுக்கு இது சுமார் 18 நிமிட வேலை, மின்சாரம் 0.6 யூனிட். நான்கு பேர் வரிசையாகக் குளிக்கும் வீட்டுக்கு 25 லிட்டர். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும். வாளி நிரம்ப 6 நிமிடம். அதன் சின்ன டேங்கில் படிவு சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் கடின நீருக்கு வேண்டாம்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 75-ல் வைக்காதீர்கள். 60-க்கு மேலே போகப் போகப் படிவு வேகம் பிடிக்கும். அன்றாடம் 55 போதும். பல நாள் பூட்டிக்கிடந்த வீடு என்றால், தேங்கிய தண்ணீரில் கிருமி இருக்கலாம்; முதல் நாள் 60-க்கு மேல் சூடேற்றி அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

இனி கரண்ட். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். விரிசல் விட்ட காயில் இங்கே கூடுதல் ஆபத்து. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பின்னால் குழாயை பி.வி.சி.யாக மாற்றியிருந்தால் அந்த எர்த் செத்துப்போயிருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடுங்கள். 2 கிலோவாட்டுக்கு 8.7 ஆம்பியர் இழுக்கும்: லோடு மிஞ்சினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் தனியாக 16 ஆம்பியரில், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். வெந்நீர் வெளிவரும் பைப் சூட்டைத் தாங்கும் சி.பி.வி.சி.யாகவே இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. இளகும்.

நிரம்பிய 15 லிட்டர் கீசர் 25 கிலோ வரை எடை வரும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆங்கர் போல்ட் பூச்சிலேயே நின்றுவிட்டால் ஒருநாள் பெயர்ந்து வரும். செங்கல் வரை இறங்க வேண்டும். செங்கல் உதிர்ந்தால் சுவரை ஊடுருவிய போல்ட்டும் பின்பக்கத் தகடும்தான் வழி.

சூடாகும்போது சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகையில் ஏறக்குறைய 200 மில்லி விரிகிறது, அது வெளியேறியாக வேண்டும். லீக் என்று நினைத்து அதை அடைத்துவிடும் ப்ளம்பர்கள் இருக்கிறார்கள். அடைத்த வால்வோடு தெர்மோஸ்டாட்டும் பழுதானால் டேங்க் வெடிக்கும். ஒரு மெல்லிய டியூபைச் செருகித் தரைக்கு விடுங்கள். மாதம் ஒருமுறை, தண்ணீர் ஆறியிருக்கும்போது, வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பாருங்கள். படிவு இறுகியிருந்தால் அசையாது.

கீசருக்குள் பட் பட் என்று பொரிகிற சத்தம் கேட்டால் காயிலில் படிவு ஏறிவிட்டது. எம்.சி.பி.யை இறக்கி, இன்லெட்டை மூடி, தண்ணீரை வடித்து, ஒயர் இணைப்பை போட்டோ எடுத்துக்கொண்டு காயிலைக் கழற்றுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, மின் முனைகள் நனையாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்தால் படிவு இளகும். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டாம், உறையையே தின்றுவிடும். கேஸ்கெட் புதிது போட்டு மாட்டுங்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் காற்றில்லாமல் ஒரே சீராக வந்த பிறகே ஸ்விட்சைத் தொட வேண்டும். காலி டேங்கில் போட்டால் புதுக் காயிலும் அந்த நிமிடமே எரியும்.

டிரம்மில் பிடித்துவைத்துக் குளிக்கும் வீடுகளுக்கு கீசர் தேவையே இல்லை. அடுப்பில் 4 லிட்டரைக் கொதிக்கவைத்து 14 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் ஒரு வாளி 41 டிகிரிக்கு வந்துவிடும். கேஸ் கீசரை மட்டும் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். மூடிய சின்ன அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.