சீட்டில் நாற்பத்திரண்டு முறை எழுதப்பட்ட பெயர்

கொடிய எதிர்காலச் சமூகங்களைச் சித்திரிக்கும் டிஸ்டோபியப் புனைவுகள் என்றதும் பலருக்கும் உயர்ந்த மதில்களும் ஆயுதமேந்திய காவலர்களும் இறுதியில் வெடிக்கும் கிளர்ச்சியுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றைவிட உண்மைக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுவது, சூசன் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் வரும் ஒரு சிறு விதி. பானெம் நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கிறது. 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிலிருந்து மாவட்டத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உயிர்பறிக்கும் போட்டிக்கு அனுப்பப்படுகிறார்கள். பணக்காரப் பிள்ளையின் பெயரும் அந்தக் குலுக்கலில் உண்டு என்பதால் விதி எல்லோருக்கும் பொதுவானதாகவே தோன்றும். ஆனால் வீட்டில் உணவில்லாத பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒரு முறை சேர்த்துக்கொண்டால், ஒருவருக்கு ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும். குடும்பத்தைத் தாங்கும் கேல் என்ற பதினெட்டு வயது இளைஞனின் பெயர் 42 முறை இருக்கிறது.

இங்கே யாரும் கேலின் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அவன் ‘விரும்பித்தான்’ கையெழுத்திடுகிறான். வருமான ஏற்றத்தாழ்வைப் பணத்தின் அளவாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு, அது ஆபத்தைப் பங்கிடும் முறையும்கூட என்பதை இந்த விதி காட்டிவிடுகிறது. சேமிப்பு இல்லாதவர் நச்சுக்காற்று நிறைந்த வேலையையும், உறக்கம் கெடுக்கும் இரவுப் பணியையும், தள்ளிப்போடப்பட்ட மருத்துவத்தையும் ஏற்றுக்கொள்வது இதே வகையான ‘விருப்பம்’ அல்லாமல் வேறென்ன?

இதற்குக் கணக்கும் உண்டு. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க வரி, இறப்புப் பதிவுகளைக் கொண்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு, வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீத ஆண்கள் அடித்தட்டு 1 சதவீத ஆண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதைக் கண்டது. பெண்களிடையே அந்த இடைவெளி 10.1 ஆண்டுகள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது. அவர்களில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர், எல்லோருக்கும் நிலையான வேலை இருந்தது. இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

எச்.ஜி. வெல்ஸ் 1895-இலேயே இந்தப் பிளவை உடலுக்குள் கொண்டுபோய்விட்டார். ‘தி டைம் மெஷின்’ நாவலில் செல்வரின் வழித்தோன்றல்களும் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் இரு வேறு இனங்களாகவே மாறிவிடுகிறார்கள்.

புனைவுகள் தவறவிடுவது ஒன்று உண்டென்றால் அது வில்லன் இல்லாத கொடுமை. கதைக்கு ஒரு சர்வாதிகாரி தேவை. ஆனால் உலகின் மொத்தச் சொத்தில் 76 சதவீதம் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடமும், வெறும் 2 சதவீதம் அடித்தட்டுப் பாதி மக்களிடமும் இருப்பதாக 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை சொல்லும் நிலைக்கு எந்த ஒற்றை மனிதரும் ஆணையிடவில்லை. சொத்து ஈட்டும் வருவாய் பொருளாதார வளர்ச்சியைவிட வேகமாகப் பெருகி, அது வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும், மீதி தானாக நடக்கும் என்பதே பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியின் வாதம்.

அதனால்தான் கிளர்ச்சியோடு முடியும் கதைகளில் எனக்கு முழு நிறைவு ஏற்படுவதில்லை. அமெரிக்காவில் 1950-களின் பெரும்பகுதியில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதமாக இருந்தது. மேல்தட்டு 10 சதவீதத்தினரின் வருமானப் பங்கு அந்த ஆண்டுகளில் 1920-களில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. போரும் தொழிற்சங்கங்களும் அதற்குக் காரணமாயின என்றாலும், விகிதங்களை எழுதியது அந்நாட்டு நாடாளுமன்றம்தான். பின்னர் 1980-களில் அவற்றை 28 சதவீதம் வரை இறக்கியதும் அதே நாடாளுமன்றம்தான்.