ஆயா முடிந்துவிட்ட ஆணி

ஆரம்பாக்கத்துப் பக்கமிருந்து பழவேற்காடு ஏரியில் படகேறினால் இருக்கம் தீவு. ஆந்திராதான், ஆனால் படகில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். எங்க ஆயா பிறந்த ஊர்.

ராத்திரி சேற்றுக்கரையில் குப்பென்று ஒரு வெளிச்சம் எரிந்து அணைந்தால் அது கொள்ளிவாய்ப் பிசாசு, வாயைத் திறந்தால் நெருப்பு, பேர் சொல்லிக் கூப்பிடும், திரும்பிடாதே கண்ணு என்று சொல்லிக்கொண்டே என் அரைஞாண் கயிற்றில் ஆயா ஒரு ஆணியை முடிந்துவிடும். துருப்பிடித்த படகு ஆணி, நடந்தால் இடுப்பில் குத்தும்.

மக்கிய செடிகொடியிலிருந்து வரும் மீத்தேன்தான் அப்படி எரிகிறது என்று அப்புறம் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். சரி, இருக்கட்டும். புதைசேற்றில் பிள்ளைகள் இருட்டில் இறங்காமல் இருந்தது மீத்தேனுக்குப் பயந்து இல்லையே.

இருக்கம், வேநாடு தீவுகள் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். ஆயாவிடம் நான் பாதிக் கதைதான் கேட்டேன்.