முன்கண்ணாடி ஸ்டிக்கரும் காரின் கையேடும்

சென்னையில் காரைப் பற்றி நாங்கள் பெரிதாக யோசித்ததே கிடையாது. தெருமுனை மெக்கானிக் அண்ணனுக்கு வண்டியின் ஜாதகமே மனப்பாடம். போன் போட்டால் வந்து எடுத்துப்போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். பங்கில் பெட்ரோல் போட ஒருவர், காற்று அடிக்க இன்னொருவர். அமெரிக்காவின் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் குடியேறிய பிறகு எல்லாம் நம் தலையில். பால் வாங்கவும் கார்தான், பிள்ளையைப் பள்ளியில் விடவும் கார்தான். பெட்ரோலும் நாமே, காற்றும் நாமே.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே மூலைக்கு மூலை இருக்கும் ஆயில் சேஞ்ச் கடைகள் பெரிய நிம்மதி. ஜிஃபி லூப், வால்வோலின், டேக் ஃபைவ் என்று பல சங்கிலிக் கடைகள். பெரும்பாலும் முன்பதிவு வேண்டாம். சில இடங்களில் காரை விட்டு இறங்கவே வேண்டாம். நேராக உள்ளே ஓட்டிப்போய், கையசைக்கிறவரைப் பார்த்தபடி நீண்ட குழிக்கு மேல் நிறுத்தினால் போதும். குழிக்குள் ஒருவர் பழைய ஆயிலை வடிப்பார், மேலே ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்திருப்பார். இருவரும் முகம் பார்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு வேலையையும் சத்தமாகச் சொல்லி உறுதிசெய்வார்கள். வடிகால் திருகை இறுக்கியாச்சா என்று மேலிருந்து கேள்வி. இறுக்கியாச்சு என்று கீழிருந்து பதில். ஃபில்டருக்கும் அதே மாதிரி. புது ஆயிலை ஊற்றியதும் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவுக்கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து நம்மிடம் காட்டுவார்கள். அப்புறம் ஹெட்லைட் போடச் சொல்வார்கள், இண்டிகேட்டர், பிரேக். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் கொளுத்தும் ஜூலையில், சூடான எஞ்சினுக்கு அடியில் நின்று செய்கிற வேலை அது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

எனக்கு ஒத்துவராதது கிளம்பும்போது முன்கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். அடுத்த ஆயில் சேஞ்ச் எத்தனையாவது மைலில் என்று அதில் எழுதியிருக்கும். சில கடைகளில் இன்னும் 3,000 மைல் கழித்து வரச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக் கார்களுக்கும் சாதா ஆயிலுக்கும் பொருந்திய கணக்கு அது. எங்கள் டொயோட்டாவின் கையேட்டைப் புரட்டினால், 0டபிள்யூ-20 என்ற வகை சிந்தெடிக் (செயற்கை) ஆயிலுக்கு 10,000 மைல் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது என்றிருக்கிறது. ஹோண்டாக்காரர்களுக்கு இன்னும் சுலபம்: ஆயிலின் மிச்ச ஆயுளை டாஷ்போர்டே சதவீதமாகக் காட்டும், 15 சதவீதத்துக்கு இறங்கியதும் ஞாபகப்படுத்தும். இவ்வளவு தெளிவாக எழுதிக்கொடுத்திருக்கும்போது ஏன் ஸ்டிக்கரைப் பார்த்து ஓட வேண்டும்?

ஆனால் கையேட்டை ஒரு வரியோடு மூடிவிடக் கூடாது. அதே புத்தகத்தில் கடினமான ஓட்டத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. புழுதிச் சாலை, பாரம் இழுப்பது, நெடுநேரம் எஞ்சின் ஓட நிற்பது, மெதுவாக ஊர்ந்து போவது, இதெல்லாம் அதில் சேரும். அப்போது 5,000 மைலிலேயே ஆயில் மாற்ற வேண்டும். என் கணவரின் கார் தினமும் நெடுஞ்சாலையில் சீராக ஓடுகிறது. என் கார் பள்ளிக்கூட வரிசையில் ஏசி போட்டபடி அரை மணி நேரம் நிற்கிறது, அப்புறம் மளிகைக்கடை, வீடு. மைல் கணக்கில் பார்த்தால் என் கார்தான் குறைவாக ஓடுகிறது. ஆனாலும் அதற்குத்தான் சீக்கிரம் ஆயில் மாற்றுகிறோம்.

சரி, கடைக்குப் போனால் இன்னொன்றும் நடக்கும். எஞ்சினின் காற்று ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளில் சிக்கிய இலையும் தூசியுமாகக் கண்முன் நீட்டி, மாற்றிவிடலாமா என்பார்கள். சில சமயம் மாற்ற வேண்டியதாகவே இருக்கும். ஆனால் அங்கே கேட்கிற பணத்தில் பாதிக்கும் குறைவாக உதிரிபாகக் கடையில் அதே ஃபில்டர் கிடைக்கிறது. ஏசிக் காற்றுக்கான கேபின் ஃபில்டர் பல கார்களில் கையுறைப்பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெட்டியைப் பக்கவாட்டில் அழுத்திக் கீழே இறக்கினால் கைக்கு வந்துவிடும், ஸ்பானர்கூட வேண்டாம். கூலன்ட் மாற்றவா, கியர் ஆயில் மாற்றவா, இன்ஜெக்டர் சுத்தம் செய்யவா என்று அடுக்கினால், “இன்றைக்கு ஆயில் மட்டும் போதும், மற்றதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மொழி தயக்கத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இருநூறு, முந்நூறு டாலர் கட்டிவிட்டு வரும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

டீலரிடம் போகாவிட்டால் வாரன்டி போய்விடும் என்ற பயமும் நம்மிடையே சுற்றுகிறது. அது உண்மையில்லை. 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரன்டிச் சட்டப்படி, வெளியே ஆயில் மாற்றினோம் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க முடியாது. தேதியும் மைலும் ஆயில் வகையும் எழுதிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய பில்லை வைத்திருக்கலாம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடக் கூடாது. ஆட்டோஸோன் மாதிரி உதிரிபாகக் கடைகளில் காசில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆயிலைச் சீக்கிரம் மாற்றுகிறவர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்குக் காசு நஷ்டம், அவ்வளவுதான். பானெட்டையே திறக்காதவர்களைப் பற்றித்தான் கவலை. ஆயில் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரிகிற நேரத்தில் எஞ்சினுக்குள் தேய்மானம் தொடங்கியிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாங்கிய பழைய கார் சத்தமில்லாமல் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. தெரியவந்தபோது அளவுக்கம்பியில் ஒரு சொட்டுகூட இல்லை, புது எஞ்சின் போடுவதைவிட வேறு கார் வாங்குவதே மேல் என்றாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் கம்பியை எடுத்துப் பாருங்கள்.

டயருக்கும் இதே கவனம் வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிற எண்தான் காற்றழுத்தத்துக்குக் கணக்கு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அதிகபட்ச எல்லை. வெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) இறங்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் இங்கே ஒரே ராத்திரியில் 40 டிகிரி விழும், காலையில் ஊர் முழுக்க டயர் விளக்கு எரியும். டிஸ்கவுன்ட் டயர் என்ற சங்கிலிக் கடைகளில் இலவசமாகவே பார்த்து அடித்துத் தருகிறார்கள்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. டெக்சஸில் சொந்தக் கார்களுக்கு இருந்த வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரி 1 முதல் கிடையாது. டாலஸ், காலின், டென்டன் உட்படச் சில கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. அதாவது பிரேக்கையும் டயரையும் வைப்பரையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை. ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு நாலு மணி நேரம் ஐ-45 நெடுஞ்சாலையில் போகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் டயர் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், காற்றைச் சரிபாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இப்போது பல புதுக் கார்களில் அது வருவதே இல்லை.