நெபியோலோ என்று நினைத்து ரூக்கேவிடம் மாட்டிக்கொண்ட கதை

ஒயின் பற்றிப் பாடம் நடத்தித் தேர்வு வைக்கும் டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பின் மூன்றாம் நிலைக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துத் தேர்வை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது சுவைத் தேர்வு. அரை மணி நேரம். பெயர் சொல்லாமல் வைக்கப்படும் இரண்டு ஒயின்கள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. நிறம், மணம், வாயில் தெரிவது, கடைசியில் தரம் என்று வரிசையாக எழுத வேண்டும்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கூடப் படித்த நண்பர் லேபிள் தெரியாதபடி ஒரு பாட்டிலுக்குக் காலுறை மாட்டி எடுத்து வந்தார். கிளாஸில் ஊற்றியதும் மாணிக்கச் சிவப்பு, பெரிய அடர்த்தி இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா. லேசாக அல்ல, கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்த மாதிரி. பின்னாலேயே மிளகு. 'ரோஜா மணம் வந்தால் நெபியோலோ திராட்சை' என்று படித்தது மண்டைக்குள் மணியடித்தது. நெபியோலோவுக்குப் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல் என்பதும் மனப்பாடம். இரண்டுக்கும் 'அதிகம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். நாக்கிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலுறையைக் கழற்றினால் ரூக்கே.

இந்தச் சிவப்பு ஒயின் திராட்சைக்கும் நெபியோலோவைப் போல இத்தாலியின் பியமோன்தே பகுதிதான் ஊர். ஆனால் ஆஸ்தி மாவட்டத்தில் காஸ்தஞோலே மோன்ஃபெராத்தோவைச் சுற்றிய ஏழே ஊர்களுக்குள் விளைவதுதான் அந்த ஊர்ப் பெயரோடு விற்பனைக்கு வரும். மறைந்துபோக இருந்த இந்தத் திராட்சையை 1960களில் அந்த ஊர்ப் பங்குத்தந்தை ஜாக்கொமோ கவுதா தனியாக ஒயினாக்கி மீட்டார். 1987இல் டிஓசி என்ற இத்தாலிய ஒயின் தர அங்கீகாரம், 2010இல் அதைவிட உயர்ந்த டிஓசிஜி. என் பாடக் குறிப்பில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தேர்விலும் வர வாய்ப்பில்லை. ஆனாலும் அன்றைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது.

சரி, பெயர் தெரிந்த பிறகு மறுபடி குடித்துப் பார்த்தேன். ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு, தலையைக் குனிந்து எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று கவனித்தேன். நிதானமாகத்தான் ஊறியது, புளிப்பு நடுத்தரம். நாக்கால் மேல் ஈறைத் தடவினேன். நெபியோலோ என்றால் பாக்கு மென்றது போல அங்கே பிடித்து இழுக்கும். இதில் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். தொண்டையில் மட்டும் நல்ல சூடு. லேபிளில் 14.5 சதவீதம் போட்டிருந்தது. பதினான்கைத் தொட்டாலே மூன்றாம் நிலைத் தேர்வில் ஆல்கஹால் 'அதிகம்' என்று எழுத வேண்டும். நான் அதற்கு 'நடுத்தரம்' போட்டிருந்தேன். மூன்றும் தப்பு.

இதில் வேடிக்கை, மூன்றாம் நிலையில் திராட்சையின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்வதே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் தேடப் போய், கேட்ட கேள்விகளைக் கோட்டை விட்டிருந்தேன்.

அதன்பிறகு பயிற்சியில் வரிசையை மாற்றிக்கொண்டேன். நிறத்தை எழுதியதும் புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் மணத்துக்குப் போவேன். மூக்குதான் பெயரைக் கிளப்பிவிடுகிறது. துவர்ப்புக்கு வீட்டுப் பயிற்சியும் உண்டு: பால், சர்க்கரை இல்லாத டீயை இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என மூன்று கோப்பைகளில் ஊறவிட்டு, ஆறியதும் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லிக் குடித்துப் பாருங்கள். முதல் நாள் எனக்கு ஐந்துக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் வயலட் பூ. ரூக்கேவிலும் அது மணக்கும் என்பார்கள், விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண்ணும் உண்டு. நான் வயலட்டை நேரில் மோந்ததே இல்லை. மனப்பாடமாக எழுதுவதை விட்டுவிட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்த ரோஜா, மிளகு, செர்ரியோடு நிறுத்திக்கொண்டேன்.

தேர்வில் வந்த சிவப்பு ஒயின் எதுவென்று இன்றுவரை தெரியாது. தேறிவிட்டேன்.