டர்க் நோவிட்ஸ்கியின் டாலஸ், எங்கள் டாலஸ்

அமெரிக்காவின் டாலஸுக்கு வேலைக்கு வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம்தான் வீடு பார்க்கிறார்கள். எங்களுக்கு அமைந்தது இர்விங். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு, வேலைக்கு வருகிறவரின் துணைக்குத் தருகிற ஹெச்4 விசா; அதை வைத்து உடனே வேலை பார்க்க அனுமதி இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆகஸ்ட் வெயிலில் அபார்ட்மென்ட் வாசலில் நின்றால் தெருவில் நடந்து போகிறவர் ஒருவரும் கண்ணில் படமாட்டார். பால் வாங்கவே கார் வேண்டும். காரை எடுக்க லைசென்ஸ் வேண்டும். அது வரும்வரை பகல் முழுக்க வீடுதான்.

மேல்மாடியில் கோயம்புத்தூர் அக்கா ஒருவர் இருந்தார். "முதல் வருஷத்தைக் கணக்குலயே சேர்க்காத கண்ணு" என்பார். அவர் வீட்டு டிவியில்தான் டாலஸ் மேவரிக்ஸின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்க்கப் பழகினேன். அவர் மகன் 41 போட்ட நீல ஜெர்சியைத் துவைக்கக்கூடக் கழற்றமாட்டான். அந்த 41 தான் டர்க் நோவிட்ஸ்கி. விளையாட்டு புரிவதற்கு முன்பே அவர் கதை எனக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் அவரும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் 1978இல் பிறந்தார். அம்மா கூடைப்பந்து ஆடியவர், அப்பா ஹேண்ட்பால். இவர் முதலில் ஹேண்ட்பால், டென்னிஸ் என்று ஆடிவிட்டு, உயரம் கிடுகிடுவென்று கூடிய பிறகு கூடைப்பந்துக்கு வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு ஆடிய ஹோல்கர் கெஷ்விண்ட்னர் இந்தப் பையனைப் பார்த்துவிட்டு, நானே பயிற்சி தருகிறேன் என்று முன்வந்தார். பந்தை எந்தக் கோணத்தில் எறிந்தால் கூடைக்குள் விழும் வாய்ப்பு அதிகம் என்று இயற்பியல் கணக்குப் போட்டு எறியக் கற்றுக்கொடுத்தவர் அவர். புத்தகம் படிக்க வைத்தார், இசைக்கருவி பழக வைத்தார். கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு குருவைப் பிடிக்காமல் போகுமா?

1998இல் சான் அன்டோனியோவில் இளையோருக்கான காட்சி ஆட்டத்தில் டர்க் 33 புள்ளி எடுத்தார். அதே வருடம் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏ, புது வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் தேர்வில் ஒன்பதாவது ஆளாக மில்வாக்கி அணி இவரை எடுத்து, அன்றே டாலஸுக்கு மாற்றிவிட்டது. ஆனால் அந்தப் பருவம் சம்பளத் தகராறில் முடங்கிக் கிடந்து, 1999 பிப்ரவரியில்தான் தொடங்கியது. 82 ஆட்டம் நடக்க வேண்டிய இடத்தில் 50 ஆட்டத்தை மூன்று மாதத்துக்குள் திணித்தார்கள். பழகிக்கொள்ள நேரமே இல்லை. ஜெர்மன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன் நேராக அந்தக் களத்தில் இறங்கினார். முதல் ஆட்டத்தில் இரண்டே புள்ளி. பருவ முடிவில் ஆட்டத்துக்குச் சராசரி 8.2 புள்ளி. ஜெர்மனியில் போட்ட 14ஆம் எண் வேறொருவரிடம் இருந்ததால், அதையே திருப்பிப் போட்டு 41 வாங்கிக்கொண்டார். பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்று அப்போது யோசித்ததை அவரே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏழடி உயரம், கோடிக்கணக்கில் சம்பளம், அணியே பின்னால் நிற்கிறது. அவருக்கே முதல் வருடம் அப்படி இருந்திருக்கிறது.

அவரைப் பிடித்து நிறுத்தியதில் ஸ்டீவ் நாஷுக்குப் பெரிய பங்கு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்த நாஷும் அதே கோடையில்தான் டாலஸ் அணிக்கு வந்தார். இரண்டு பேரும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். சாப்பாடு சேர்ந்து, இரவில் ஜிம்முக்குப் போய்ப் பந்து எறிவது சேர்ந்து. அந்த வருடம் சொந்த மைதானத்திலேயே நாஷைப் பார்த்து ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அடி வாங்கிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணை. கெஷ்விண்ட்னரும் ஜெர்மனியிலிருந்து வந்து போய்க்கொண்டே இருந்தார். அடுத்த பருவம் சராசரி 17.5, அதற்கடுத்தது 21.8. பிறகு அவர் அமெரிக்காவில் நிலைப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய அடிகள் அப்புறம்தான் விழுந்தன. 2006 இறுதிச் சுற்றில் மயாமி அணிக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டத்தை வென்றுவிட்டு அடுத்த நான்கையும் தோற்றார்கள். 2007இல் 67 வெற்றியோடு வந்து, முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட் அணியிடம் வீழ்ந்தார்கள். தோற்று வெளியேறிய பிறகு, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை மேடையேறி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கோடையில் கெஷ்விண்ட்னரோடு ஆஸ்திரேலியாவின் பாலைவெளியில் வாரக்கணக்கில் சுற்றித் திரிந்தார்.

2011இல் மறுபடி மயாமி. நாங்கள் வருவதற்கு முந்தைய கதை இது. யூடியூபில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. முதல் ஆட்டத்தில் இடது கை நடுவிரலில் தசைநார் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி பின்தங்கிய அணி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருகிறது. ஆட்டம் முடிய நான்கு நொடிகூட இல்லை. டர்க் எதிராளியைச் சுற்றித் திரும்பி, கட்டுப் போட்ட அந்த இடது கையாலேயே பந்தைக் கூடைக்குள் போடுகிறார். 95-93. நான்காவது ஆட்டத்தில் நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல்; இருமிக்கொண்டே 21 புள்ளி. கோப்பை உறுதியான நொடியில் கொண்டாட நிற்காமல், தடுப்பைத் தாண்டி உடைமாற்றும் அறைக்கு ஓடிப்போய் தனியாக அழுதார். பரிசளிப்புக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது.

2014இல் மற்ற அணிகள் ஏறத்தாழ நான்கு மடங்கு தரத் தயாராக இருந்தபோது, மூன்று வருடத்துக்கு 2.5 கோடி டாலருக்கு டாலஸிலேயே கையெழுத்துப் போட்டார். அதற்காக அவர் ஜெர்மனியை விட்டுவிடவுமில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெர்மன் கொடியைப் பிடித்து நடந்தவர் அவர்தான். இங்கே குடியேறினால் அங்கே இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களிடம் நான் எப்போதும் இவரைத்தான் காட்டுவேன்.

2019 ஏப்ரல் 9 அன்று டர்க் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆரஞ்சு லைன் ரயில் பிடித்து, மைதானத்தை ஒட்டிய விக்டரி ஸ்டேஷனில் இறங்கினோம். உச்சாணியில் கடைசி வரிசை டிக்கெட்தான் கட்டுப்படியானது. அதற்குள் எனக்கு வேலை அனுமதி கிடைத்து, என் சம்பளத்தில் வாங்கிய டிக்கெட் அது. 40 வயதில், வேகமெல்லாம் போன காலோடு, டர்க் அன்று 30 புள்ளி எடுத்தார். ஒற்றைக்காலில் பின்னால் சாய்ந்து எறிகிற அந்த எறி விழும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்த வயதான மெக்சிகன் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆட்டம் முடிந்ததும் லாரி பேர்ட், சார்லஸ் பார்க்லி, ஸ்காட்டி பிப்பன் என்று பழைய கூடைப்பந்து நட்சத்திரங்கள் வரிசையாக வந்தார்கள். அந்த வரிசையில் டெட்லெஃப் ஷ்ரெம்ப்பும் இருந்தார். 1985இல் இதே டாலஸ் எடுத்த ஜெர்மன்காரர், டர்க்குக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர். பிறகு மைக்கை வாங்கி, இதுதான் இங்கே என் கடைசி ஆட்டம் என்று டர்க் சொன்னார். கண்ணைத் துடைக்காதவர் எங்கள் வரிசையில் யாருமில்லை. ஒரே அணிக்கு 21 பருவம், 31,560 புள்ளி.

அந்தக் கடைசிப் பருவத்தில் அவருக்குப் பக்கத்தில் ஆடியவன் ஸ்லோவேனியாவிலிருந்து 19 வயதில் வந்திறங்கிய லூகா டோன்சிச். 2025 பிப்ரவரியில் அணி அவனைத் திடீரென்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. ஊரே கொதித்தது, ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே டர்க் சிலையடியில் கூடி ஆற்றாமையைக் கொட்டினார்கள். லேக்கர்ஸ் சட்டையில் லூகா முதன்முதலாக இறங்கிய ஆட்டத்துக்கு டர்க் லாஸ் ஏஞ்சலஸ் போய் உட்கார்ந்திருந்தார். புது ஊரில் முதல் நாள் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். போகாமல் எப்படி இருப்பார்?